‘வர்ற சனிக்கிழமை’ என்றால் எந்த நாள்? பேச்சுத் தமிழும் ஏஐ காலண்டரும்

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை ராத்திரி. மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. தம்பி கடலில் இருந்தான். விசைப்படகு போன ராத்திரிகளில் எங்கள் வீட்டில் யாரும் சீக்கிரம் தூங்குவதில்லை. படுக்கப் போகும் முன் போனை எடுத்து, அதிலிருந்த ஏஐ உதவியாளரிடம், “நாளைக்குக் காலையில நாலு மணிக்கு எழுப்பி விடு, அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்” என்றேன். “சரி, நாளை காலை 4 மணிக்கு நினைவூட்டுகிறேன்” என்று பதில் வந்தது. நிம்மதியாகப் படுத்துவிட்டேன். கண் விழித்தபோது மணி ஆறரை. அம்மா நல்ல சேலை கட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் அசந்து தூங்குவதைப் பார்த்து எழுப்ப மனசு வரவில்லையாம். மதுரைக்கு நாலு மணி நேரப் பயணம். டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம் போய்விட்டது. மறுபடி நேரம் கிடைத்தது மூன்று வாரம் கழித்துத்தான்.

காலண்டரைத் திறந்து பார்த்தேன். நினைவூட்டல் பத்திரமாக இருந்தது, புதன்கிழமை காலை 4 மணிக்கு. நான் பேசியது ராத்திரி ஒரு மணிக்கு. போனைப் பொறுத்தவரை அப்போதே செவ்வாய்க்கிழமை பிறந்துவிட்டது, அதனால் ‘நாளை’ என்றால் புதன். எனக்கோ இன்னும் திங்கட்கிழமை முடியவில்லை. தூங்கி எழுந்தால்தானே நமக்கு மறுநாள்?

அன்றிலிருந்து இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஆழமாகப் பார்க்க ஆரம்பித்தேன். என் தொழிலும் அதற்குத் தோதாக இருந்தது. ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், டிக்கெட் எடுப்பது என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். காலண்டரில் நாள் குறித்துத் தரச் சொல்லி வருகிறவர்களும் இப்போது கூடிவிட்டார்கள். போனிடம் தமிழில் பேசினாலே அது குறித்துக்கொள்ளும் என்று வந்த பிறகு, எழுதப் படிக்கத் தடுமாறுகிறவர்களுக்கும் இது கைக்கு எட்டும் வசதியாகிவிட்டது. அதனால்தான் இது உள்ளே எப்படி நடக்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நம் கரைக்கு அவசியம் என்று நினைக்கிறேன்.

உள்ளே நடப்பது என் கடையில் தினம் நடக்கும் வேலைதான். எதிரில் நிற்பவர் கதையாகச் சொல்வார். நான் அதைப் படிவத்தின் கட்டங்களில் எழுதுவேன். பெயர், பிறந்த தேதி, முகவரி என்று கட்டம் கட்டமாக இருக்கும். கதையில் வராத கட்டத்தை நான் கேட்டு நிரப்புவேன். “பாப்பா எப்பம்மா பொறந்துச்சு?” என்றால், “கஜா புயலுக்கு முந்தின வாரம்” என்பார்கள். கஜா கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16 என்று எனக்குத் தெரியும், அதை வைத்துப் பிறந்த தேதியை நெருங்கிவிடுவேன். எங்கள் அப்பத்தா தன் வயதையே, “தனுஷ்கோடி அழிஞ்சப்போ எனக்கு எட்டு வயசு” என்றுதான் சொல்லும். 1964 டிசம்பர் 22-23 ராத்திரியை ஆணி அடித்து வைத்து, மற்ற எல்லாவற்றையும் அதற்கு முன்னே பின்னே தொங்கவிட்ட தலைமுறை அது.

கம்ப்யூட்டர்காரர்களும் இதே வழியில்தான் வந்திருக்கிறார்கள். 1977-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆராய்ச்சிக் கூடத்தில் ‘கஸ்’ என்றொரு நிரல் செய்தார்கள். விமான டிக்கெட் எடுத்துத் தரும் ஏஜென்ட் போல அது சாதாரண ஆங்கிலத்தில் உரையாடும். எங்கே போக வேண்டும், எந்த நாள், எந்த நேரம் என்ற காலிக் கட்டங்களை வைத்துக்கொண்டு, வராததைக் கேட்டு நிரப்பும். 2011-இல் ஐபோனில் சிரி வந்தபோதும் அடிப்படை இதுதான். இப்போதைய ஏஐ உதவியாளர்களுக்குள் இருக்கும் பெரிய மொழி மாதிரிகள் வந்ததும் மாறியது எது என்றால், கதையைப் புரிந்துகொள்ளும் பக்கம். பழைய நிரல்களுக்குக் குறிப்பிட்ட சில வாக்கிய அமைப்புகள்தான் தெரியும். கொஞ்சம் சுற்றிச் சொன்னால் விழித்து நிற்கும். இப்போது ‘கஜாவுக்கு முந்தின வாரம்’ என்றாலும் அதற்குப் பிடிபடுகிறது.

ஆனால் மறுமுனையில் இருக்கும் படிவம் மாறவில்லை. போன்களும் கம்ப்யூட்டர்களும் காலண்டர் குறிப்புகளை ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்க ‘ஐகேலண்டர்’ என்ற பொது முறையை வைத்திருக்கின்றன. 1998-இல் வந்தது, 2009-இல் ஆர்எஃப்சி 5545 என்ற இணையத் தர ஆவணமாகத் திருத்தி எழுதப்பட்டது. அதில் தலைப்பு, தொடங்கும் நேரம், முடியும் நேரம், எந்த ஊர் நேரம், திரும்பத் திரும்ப வருமா என்று கறாரான கட்டங்கள். ‘அந்தி சாய’, ‘காத்து அடங்கினதும்’ என்றெல்லாம் எழுத அங்கே இடம் கிடையாது. நாம் எவ்வளவு தளர்வாகப் பேசினாலும் கடைசியில் ஒரு தேதியும் ஒரு மணியும் அந்தக் கட்டத்தில் விழுந்தாக வேண்டும். நாம் சொல்லவில்லை என்றால் நமக்காக உதவியாளர் ஒன்றை யூகித்து எழுதிவிடும். எத்தனை நேரம் என்று சொல்லாமல் ஒரு சந்திப்பைப் போடச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு மணி நேரம் என்று தானே போட்டுக்கொள்ளும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்த மொழி மாதிரிக்கு இன்று என்ன தேதி என்று தானாகத் தெரியாது. நாம் பேசும் ஒவ்வொரு முறையும் ஆப்தான் ‘இப்போது இந்தத் தேதி, இந்த மணி, இந்த ஊர் நேரம்’ என்ற தகவலை நம் பேச்சோடு சேர்த்து அதற்குக் கொடுக்கிறது. அதை வைத்துத்தான் ‘நாளை’, ‘போன வாரம்’ எல்லாம் கணக்காகிறது. நாள் கணக்கிலும் அது தடுமாறும். அடுத்து எந்தச் சொல் வரும் என்று எழுதிக்கொண்டு போவதுதான் அதன் பழக்கம், விரல் விட்டு எண்ணுவது அல்ல. ‘இன்னையிலிருந்து நாற்பத்தெட்டாவது நாள்’ என்று கேட்டால், தேதி கணக்குப் போடும் தனி நிரலிடம் அந்த வேலையைக் கொடுக்கும் ஆப் சரியாகச் சொல்லும். தானே சொல்ல முயலும் ஆப் ஒரு நாள் முன்னே பின்னே தள்ளிவிடலாம். அதைவிட, அந்த நாற்பத்தெட்டில் இன்றும் சேர்த்தியா என்பதே கேள்வி. நம் பேச்சில் ‘இன்னைக்கு எட்டாம் நாள்’ என்றால் இன்றையும் சேர்த்து எண்ணி, அடுத்த வாரம் இதே கிழமையைத்தான் சொல்கிறோம். இயந்திரம் எட்டைக் கூட்டி மறுநாளில் கொண்டுபோய் வைக்கும். இறப்பு வீட்டில் பதினாறாம் நாளை இறந்த நாளையும் சேர்த்து எண்ணுகிறவர்களும் உண்டு, மறுநாளிலிருந்து எண்ணுகிறவர்களும் உண்டு. அதை உதவியாளர் கையில் விடவே கூடாது. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, தேதியாகவே சொல்லிவிட வேண்டும்.

சரி, நாள் எப்போது தொடங்குகிறது என்ற விஷயத்துக்கு வருவோம். நான் ஆஸ்பத்திரி நேரத்தைத் தவறவிட்டது இந்த இடத்தில்தான். போனுக்கு நாள் நடுராத்திரி 12 மணிக்குத் தொடங்குகிறது. பஞ்சாங்கத்துக்குச் சூரிய உதயத்தில். கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் பெரியபட்டினத்திலும் இஸ்லாமிய மாதக் கணக்கில் நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. ரமலானில் 27-ஆம் இரவு என்பது 26-ஆம் நோன்பு திறந்த பிறகு வரும் இரவு. ‘27-ஆம் நாள் ராத்திரி பள்ளிக்குப் போகணும்’ என்று போனிடம் சொன்னால் அது ஒரு ராத்திரி தள்ளித்தான் குறிக்கும். இந்த ஒரே கரையில், ஒரே தெருவில்கூட, நாள் மூன்று இடத்தில் பிறக்கிறது. மூன்றும் சரிதான். போனுக்குத் தெரிந்தது ஒன்று மட்டும்.

கடல் தொழிலுக்கு இது இன்னும் சிக்கல். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நாள் பிரித்துக்கொண்ட பழைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நான்கு நாள் நாட்டுப்படகு. ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி. காலையில் மீன்துறை டோக்கன் வாங்கிக்கொண்டு போகும் படகு மறுநாள் காலையில்தான் கரைக்கு வரும். ஒரு தடவை கடலுக்குப் போய் வருவதைத்தான் ‘பாடு’ என்போம். அதனால் ‘சனிக்கிழமைப் பாடு’ என்று நாங்கள் சொல்வது ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிகிற விஷயம். ஏலம் போடுவது, கணக்குப் பார்ப்பது, ஆளுக்குப் பங்கு பிரிப்பது எல்லாம் ஞாயிறு.

ஒரு நாள் தம்பி கடலுக்குக் கிளம்பும் அவசரத்தில் போனிடம், “வர்ற சனிக்கிழமைப் பாடு முடிஞ்சு வந்ததும் மெக்கானிக்கை வரச் சொல்லணும், ஞாபகப்படுத்து” என்றான். இந்த ஒரே வாக்கியத்தில் எத்தனை முடிச்சு என்று பாருங்கள். ‘வர்ற சனிக்கிழமை’ என்பது அவன் பேசிய புதன்கிழமைக்கு மூன்று நாள் கழித்து வரும் சனி. அதுவரை சிக்கலில்லை, உதவியாளர் சரியாகவே எடுத்துக்கொண்டது. ‘பாடு’ என்பதை அது ‘பாட்டுப் பாடு’ என்பதில் வரும் பாடு என்று எடுத்துக்கொண்டதோ என்னவோ, தலைப்பில் அந்தச் சொல்லே வரவில்லை. ‘முடிஞ்சு வந்ததும்’ என்பதற்கு அதனிடம் மணி கிடையாது, ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் 6 என்று போட்டுவிட்டது. அந்த நேரத்தில் தம்பி நடுக்கடலில் வலையோடு இருப்பான். போன் சிக்னலே இருக்காது. மெக்கானிக்கை வரச் சொல்ல வேண்டும் என்பதும், மெக்கானிக்கே வருகிறார் என்று மாறிவிட்டது. அவன் கேட்டது ஞாபகப்படுத்தத்தான், உதவியாளர் போட்டதோ ஒரு சந்திப்பு.

அதே விஷயத்தை, “ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்கு ஞாபகப்படுத்து, மெக்கானிக்குக்கு போன் பண்ணணும், இன்ஜின் வேலைக்கு” என்று சொல்லியிருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது. இது இயந்திரத்துக்காகத் தமிழை மாற்றிப் பேசுவது இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனிடம் சொன்னால் எப்படிச் சொல்வோமோ அப்படிச் சொல்வதுதான். கூடவே வளர்ந்தவனுக்குப் ‘பாடு முடிஞ்சதும்’ போதும். வெளியூர்ப் பையனுக்குக் கிழமையும் மணியும் வேண்டும்.

திரும்பத் திரும்ப வரும் நாட்களில் இந்த உதவியாளர்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. ‘ஒவ்வொரு திங்கள், புதன், சனி காலையிலும் டோக்கன் வாங்கணும்’ என்று ஒரு தடவை சொன்னால் போதும், ஐகேலண்டரில் அதற்கென்றே ‘வாரந்தோறும், இந்தக் கிழமைகளில்’ என்று ஒரு விதி இருக்கிறது, அதில் போய் உட்கார்ந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்றும் சேர்த்துச் சொல்லி, அந்த நாட்களை மட்டும் நீக்கச் சொல்லலாம். தேதி மாறாத ஏற்பாடு என்பதால் இது இயந்திரத்துக்கு எளிது.

மாற்றும்போதுதான் கவனம் வேண்டும். வானிலை மையம் பலத்த காற்று என்று எச்சரித்தால் மீன்துறை டோக்கன் தராது. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் அந்த வாரமே போய்விடும். அந்த நேரத்தில், “புதன்கிழமையை எடுத்துடு” என்று சொன்னால், இந்தப் புதனை மட்டுமா, இனி வரும் எல்லாப் புதனையுமா என்று தெரியாமல் போகும். நல்ல உதவியாளர் கேட்கும். கேட்காமல் மொத்தத்தையும் துடைத்துவிடுவதையும் நான் பார்த்திருக்கிறேன். “இந்த ஒரு புதன்கிழமை மட்டும்” என்ற மூன்று நான்கு சொற்களைச் சேர்த்துக்கொள்வது அவ்வளவு பெரிய பாதுகாப்பு.

திதி, பிறை பார்த்து வரும் நாட்கள் வேறு கதை. ஆடி அமாவாசை 2024-இல் ஆகஸ்ட் 4, 2025-இல் ஜூலை 24. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் அன்று கூட்டம் தாங்காது. அந்த நாளில் எங்கள் பக்கம் எந்த வேலையும் வைத்துக்கொள்ள மாட்டோம். இதை 2024-இல், “வருஷா வருஷம் ஞாபகப்படுத்து” என்று குறித்து வைத்தவருக்கு 2025-இலும் ஆகஸ்ட் 4-தான் காட்டும், ஏனென்றால் அந்தக் கட்டத்துக்குத் தெரிந்த ‘வருஷம்’ ஜனவரியில் தொடங்குவது. ரமலான் பெருநாளும் அப்படித்தான். 2024-இல் ஏப்ரல் 11, 2025-இல் மார்ச் 31. பிறைக் கணக்கில் வருஷத்துக்குச் சுமார் 354 நாள், ஆகவே ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே வந்துகொண்டே இருக்கும். போதாததற்குப் பிறை தெரிந்து தலைமை காஜி அறிவிக்கும் வரை நாளைக்குப் பெருநாளா, நாளை மறுநாளா என்பதே உறுதி இல்லை. 2015-இல் மற்ற நாட்காட்டிகளின்படி திரும்ப வரும் நாட்களையும் குறிக்க ஐகேலண்டருக்கு ஒரு நீட்சி எழுதினார்கள். என் போன் காலண்டரில் அதை நான் பார்க்கவில்லை.

இங்கே ஏஐ உதவியாளரிடம் இருக்கும் அபாயம் அதன் தைரியம். “அடுத்த தை அமாவாசை எப்போ?” என்று கேட்டால் தயங்காமல் ஒரு தேதி சொல்லும். அது பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொன்னதா, படித்ததிலிருந்து கோர்த்துச் சொன்னதா என்று பதிலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் இடையே திதி தொடங்கும் நேரம் மாறும் என்பதும் அதற்கு உறைக்காது. நான் இப்போது செய்வது இதுதான்: வருஷத் தொடக்கத்தில் சுவரில் மாட்டும் தினசரிக் காலண்டரைப் பார்த்து, அந்த வருஷத்து அமாவாசை பௌர்ணமித் தேதிகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போனுக்குச் சொல்லிவிடுவேன். தேதி நம் கையிலிருந்து போகிறது, ஞாபகப்படுத்தும் வேலை மட்டும் அதனுடையது.

ஊர் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கரையில் பாதிக் குடும்பங்களில் ஒருவர் கடல் தாண்டி இருக்கிறார். கீழக்கரையிலிருந்து லாத்தா (அக்கா) ஒருவர் மகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கடைக்கு வருவார். மகன் துபாயில். “தம்பி, வெள்ளிக்கிழமை இஷாவுக்கு அப்புறம் பையன் வீடியோ கால்ல வருவான், பொண்ணு பார்க்கிற விஷயமாப் பேசணும், எல்லாருக்கும் ஞாபகப்படுத்துற மாதிரி போட்டுக் கொடு” என்றார். இஷா என்பது ராத்திரித் தொழுகை. யாருடைய இஷா? துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இரண்டு ஊரிலும் சூரியன் மறையும் நேரமும் வேறு. மாதத்தைப் பொறுத்துக் கீழக்கரை இஷாவுக்கும் துபாய் இஷாவுக்கும் நடுவே ஒரு மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல்கூட வித்தியாசம் வரும். உதவியாளர் யோசிக்காமல் நம் ஊர் ராத்திரி 8 மணி என்று போட்டது. பையன் அப்போது வேலையில் இருப்பானாம். கடைசியில் அவனுக்கே போன் போட்டு, “துபாய் நேரம் ராத்திரி ஒன்பது” என்று வாங்கி, அப்படியே ‘துபாய் நேரம்’ என்று சொல்லிக் குறித்தோம். நம் காலண்டரில் அது பத்தரை என்று விழுந்தது, அவன் காலண்டரில் ஒன்பது. இந்த மாற்றத்தில் இயந்திரம் தவறி நான் பார்த்ததில்லை. சவூதி என்றால் இரண்டரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் என்றால் இரண்டரை மணி நேரம் முன்னால், எதையும் நாம் மனதில் வைத்திருக்க வேண்டாம். எந்த ஊர் என்று மட்டும் சொன்னால் போதும். (தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைப் பக்கம் போனால் சில போன்கள் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். நேரம் மாறிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், 2006-இலிருந்து அங்கும் நம் நேரமேதான்.)

தமிழில் பேசுவதால் சில வசதிகளும் உண்டு. இந்தியில் ‘கல்’ என்றால் நேற்றும் அதுதான், நாளையும் அதுதான். நமக்கு அந்தக் குழப்பம் இல்லை. விடியக்காலை, காலை, மத்தியானம், சாயங்காலம், ராத்திரி என்று மணியோடு சேர்த்தே சொல்கிற பழக்கம் நமக்கு இருப்பதால் ‘மூணு மணி’ பகலா இரவா என்ற சந்தேகம் அபூர்வம். ஒன்பதே முக்கால், பத்தே கால் எல்லாம் இப்போது நன்றாகவே பிடிபடுகின்றன. பேச்சை எழுத்தாக மாற்றும் முதல் படியில்தான் இன்னும் இடறுகிறது. அந்தப் படி எழுத்துத் தமிழிலும் செய்தித் தமிழிலும் அதிகம் பழகியது, நம் கரைப் பேச்சில் குறைவு. ‘நாளான்னைக்கு’ என்று நான் சொன்னது ஒரு தடவை ‘நாலு அன்னைக்கு’ என்று எழுத்தாகி, 4-ஆம் தேதியில் போய் உட்கார்ந்தது. ‘நாளை மறுநாள்’ என்றால் அந்தப் பிசகு வருவதில்லை. ஆனாலும் கிழமையைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விட உறுதி. கிழமை தப்பாகக் காதில் விழுவது குறைவு. கிழமையும் தேதியும் சேர்த்துச் சொன்னால் ஒன்றுக்கொன்று சாட்சி. “வியாழக்கிழமை, 12-ஆம் தேதி” என்று சொல்லி, 12-ஆம் தேதி வியாழனாக இல்லாவிட்டால், உருப்படியான உதவியாளர் அங்கேயே நிறுத்திக் கேட்கும்.

காலண்டரைத் திறந்து கொடுக்கிறோம் என்பதில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. இதை யாரும் கடையில் கேட்பதில்லை, நானாகத்தான் சொல்கிறேன். உதவியாளருக்குக் காலண்டரைப் படிக்க அனுமதி கொடுத்தால், அதில் வெளியார் அனுப்பிய அழைப்புகளையும் அது படிக்கிறது. 2025 ஆகஸ்டில் இஸ்ரேலைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், காலண்டர் அழைப்பின் தலைப்பிலேயே ரகசியக் கட்டளைகளை எழுதி அனுப்பி, கூகுளின் ஏஐ உதவியாளரான ஜெமினியை அதன்படி ஆட வைக்க முடியும் என்று செய்து காட்டினார்கள். வீட்டுக்காரர், ‘இந்த வாரம் எனக்கு என்ன வேலை இருக்கு?’ என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு ‘நன்றி’ என்பது போல ஒரு சொல் சொன்னால் போதும், அது அழைப்பில் படித்தபடி வீட்டு விளக்கை அணைத்தது, ஜன்னல் ஷட்டரைத் திறந்தது. கூகுளுக்கு முன்பே தெரிவித்து அதற்குத் தடுப்புகளும் போடப்பட்டன. இருந்தாலும் யாரென்று தெரியாத இடத்திலிருந்து வரும் அழைப்பு தானாகக் காலண்டரில் சேரும் வசதியை நிறுத்தி வைப்பது நல்லது. அமைப்புகளில் போய், தெரிந்தவர் அழைப்பு மட்டும் சேரும்படி வைக்கலாம். என்னிடம் வருகிறவர்கள் எல்லாருக்கும் முதல் வேலையாக இதைச் செய்து கொடுக்கிறேன்.

நேரமே குறிக்க முடியாத விஷயங்களும் இந்தக் கரையில் நிறைய. இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனவர்களின் வீட்டுப் பெண்கள் மன்னார், ஊர்காவற்றுறை நீதிமன்ற வாய்தாத் தேதிகளை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். ஒரு தேதிக்கு அப்புறம் இன்னொரு தேதி தள்ளிப் போகும். அப்படி ஒருவர் வந்து குறித்துக் கொடுக்கச் சொன்னபோது, பழைய தேதியை மாற்றாமல், ஒவ்வொரு தள்ளிவைப்பையும் தனித்தனியாக, என்ன நடந்தது என்ற குறிப்போடு போட்டுக் கொடுத்தேன். உதவியாளரிடம், “இதைத் தள்ளிப் போடு” என்று சொன்னால் பழைய நாளை அழித்துவிட்டுப் புது நாளில் வைக்கும். “பழசை அப்படியே வை, புதுசா ஒண்ணு போடு” என்று சொன்னால் இரண்டும் இருக்கும். எத்தனை தேதி கடந்தது என்பதும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு ஆதாரம். வக்கீலிடமும் சங்கத்திலும் கேட்கும்போது அந்தப் பட்டியல்தான் அவர் கையில் இருந்தது.

இத்தனை அனுபவத்துக்குப் பிறகு என் போனில் நான் ஒரே ஒரு பழக்கம் ஏற்படுத்தியிருக்கிறேன். பெரும்பாலான உதவியாளர்களிடம் நிரந்தரமாக நினைவில் வைத்துக்கொள்ளும்படி சில வரிகள் எழுதி வைக்க இடம் இருக்கும். அதில் இப்படி எழுதினேன்: ‘காலண்டரில் எதையும் எழுதும் முன், மாற்றும் முன், அழிக்கும் முன் கிழமை, தேதி, மணி மூன்றையும் திருப்பிச் சொல்லு. நான் சரி என்ற பிறகே செய். ராத்திரி 12-இலிருந்து காலை 4 வரைக்குள் நான் நாளைக்கு என்றால் எந்தக் கிழமை என்று கேளு. விசைப்படகு திங்கள், புதன், சனி காலையில் போய் மறுநாள் காலை கரைக்கு வரும்.’ கடைசி வரியைச் சேர்த்த பிறகு ‘பாடு முடிஞ்சதும்’ என்றாலும் அதற்குப் புரிகிறது.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் கிடைத்த நேரத்தை நான் குறிக்கும்போது அம்மா பக்கத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். போன் சத்தமாகத் திருப்பிச் சொன்னது: வியாழக்கிழமை, காலை ஒன்பதரை, மதுரை, கிளம்ப வேண்டியது காலை நாலு மணி, சரியா? நான் சரி என்று சொல்லும் முன்பே அம்மா கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“வியாழன் வேணாம்ப்பா. புதன் போனவன் அன்னைக்குக் காலையிலதான் கரைக்கு வருவான். அவன் வர்றப்ப நான் வீட்ல இல்லாம எப்படி?”

ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணினேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இடம் இருந்தது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு அம்மா போனைத் தன் பக்கம் வாங்கினார். மருமகனிடம் பேசுவது போலக் குரலைத் தணித்துக்கொண்டு, “வெள்ளிக்கிழமைப்பா, காலையில பத்து மணி. எழுதிக்கோ” என்றார்.